தானாய் அடங்கும் நூல்முனை

மனித குலத்தை உயர்த்திய மாபெரும் தத்துவங்கள் எல்லாம் இரண்டு பேர் பேசிக்கொண்ட சின்னப் பேச்சில்தான் பிறந்திருக்கின்றன. லிஃப்ட் பராமரிக்கும் ஒரு நிறுவனத்தின் தலையெழுத்தையே மாற்றிய "ஓய்வுத் தத்துவ"மும் அப்படிப் பிறந்ததுதான். நாளைக்கு ஆராய்ச்சியாளர்கள் இதற்காகச் சட்டையைப் பிடித்துக்கொள்ளக் கூடாது என்பதால், அந்த உரையாடலை ஓர் எழுத்துகூட மாறாமல் இங்கே பதிவு செய்வது நம் கடமை.

"இந்த நூல் வால் மாதிரி தொங்குதே. இதை என்ன பண்றது?"

"சோபாக் கைப்பிடி மேல வைங்க. காலையில சரியாயிடும்."

அவ்வளவுதான். கேட்டவர் அந்த நிறுவனத்தின் துணை மேலாளர். சொன்னவள் அவருடைய மனைவி, பல் டாக்டர். சொன்ன நேரத்தில் அவளுடைய காதுக்கும் தோளுக்கும் நடுவே போன் இருந்தது. போனுக்குள் கன்னம் வீங்கிய ஒருவர் வார்த்தை வராமல் முனகிக்கொண்டிருந்தார். "காலையில சரியாயிடும்" என்றால் "காலையில் நான் பார்த்துக்கொள்கிறேன், இப்போது என்னை விடுங்கள்" என்று பொருள். குடும்பம் நடத்துகிற எவருக்கும் இது அகராதி பார்க்காமலே புரியும். துணை மேலாளருக்குப் புரியவில்லை. மகத்தான மனிதர்களுக்குச் சின்ன விஷயங்கள் புரியாது என்பதை நாம் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொள்ள வேண்டும். அவர் வைத்தார், தூங்கினார், எழுந்து பார்த்தார். சரியாகியிருந்தது.

லிஃப்ட் பழுதுபார்க்கிறவர் கையில் நூல் எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் ஒரு மலையுச்சியில் நடந்த "மெதுவாழ்வு முகாமு"க்குப் போய்வந்தார். போகும்போது கையில் மூன்று போன்கள். வரும்போது ஒரே ஒரு கம்பளி நூல் உருண்டை. வந்ததும் எல்லோரையும் கூட்டி, அவசரம்தான் நம் காலத்தின் நோய் என்று அறிவித்தார். "புகார் வருது. நாம ஓடறோம். ஓடறவனுக்குள்ள என்ன இருக்கு? படபடப்பு. அந்தப் படபடப்பு லிஃப்டுக்குள்ள போயிடுது. அதனாலதான் அது மறுபடியும் நிக்குது." இந்த அறிவியலை இதுவரை ஒரு பொறியாளரும் யோசித்ததில்லை என்பது நம் கல்விமுறையின் தோல்வி.

மறுநாளே மனிதவள அதிகாரி அம்மாள் ஆளுக்கு ஒரு குரோஷா ஊசியும் ஓர் உருண்டை நூலும் வழங்கினார். வெள்ளிக்கிழமை பிற்பகல் முழுக்க எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பின்ன வேண்டும். பின்னியதை யாருக்காவது பரிசாகக் கொடுக்க வேண்டும். "அவசரம் அவிழட்டும், அமைதி பின்னட்டும்" என்ற வாசகம் சுவரில் ஏறியது. அந்த நேரத்தில் வருகிற தொலைபேசி அழைப்புகளுக்கு ஒரு புல்லாங்குழல் பதில் சொல்லும்.

முதல் வாரம் தலைமைப் பொறியாளர் தம்ளர் வைக்க ஒரு விரிப்பு பின்னினார். அது தொப்பி மாதிரி இருந்தது. கணக்கர் தொப்பி பின்னினார். அது தம்ளர் விரிப்புக்குச் சரியாக இருந்தது. இருவரும் மாற்றிக்கொண்டார்கள். அமைதி என்பது இதுதான் என்று இயக்குநர் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

துணை மேலாளருக்கு மட்டும் உண்மையிலேயே கை வந்தது. சங்கிலிப் பின்னல் போட்டால் மணி மணியாக விழும். வட்டம் பின்னினால் வட்டமாகவே வரும். ஒரு கண்ணி இறுக்கம், ஒரு கண்ணி தொளதொளப்பு என்கிற பேச்சே கிடையாது. ஆனால் கடைசிக் கண்ணியை இழுத்து, நூலைக் கத்தரித்ததும் அவருக்கு வேலை முடிந்துவிடும். ஒரு சாண் நீளத்துக்கு நூல் தொங்கும். நிறம் மாற்றிய இடத்தில் எல்லாம் இன்னும் இரண்டு தொங்கும். ஓரம் சுருண்டு, பொரித்த அப்பளம் மாதிரி நிற்கும். அதையெல்லாம் அவர் பார்ப்பதில்லை. சோபாக் கைப்பிடியில் வைத்துவிட்டு விடியற்காலையில் நடக்கப் போய்விடுவார்.

அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பல் டாக்டர் வந்து உட்காருவாள். மொட்டை ஊசியில் அந்த வாலைக் கோத்து, பின்பக்கமாகக் கண்ணிகளுக்குள் நுழைத்து, கொஞ்ச தூரம் போய், திரும்பி அதே வழியில் வந்து, ஒட்டக் கத்தரிப்பாள். ஈறு தைத்துப் பழகிய கை. எங்கே நுழைந்தது, எங்கே வெளியே வந்தது என்று ஊசிக்கே ஞாபகம் இருக்காது. பிறகு லேசாகத் தண்ணீர் தெளித்து, இஸ்திரித் துணியில் விரித்து, ஓரங்களைக் குண்டூசியால் இழுத்துக் குத்தி, மின்விசிறியைச் சுழல விடுவாள். பொத்தான் தேவை என்றால் பொத்தான். அவர் வேர்வையோடு திரும்பி வந்து, காபி குடித்து, செய்தி பார்த்து, குளித்துவிட்டு வரும்போது பொருள் கைப்பிடியில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும்.

முதல் நாள் அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாத்தியா, அடங்கிடுச்சு."

"அடங்காம எங்க போகும்?" என்றாள் அவள்.

அவரும் சிரித்தார், அவளும் சிரித்தாள். ஒரே வீட்டில் இரண்டு வெவ்வேறு நகைச்சுவைகளுக்கு ஒரே நேரத்தில் சிரிப்பதுதான் இல்லறம்.

அவர் வேடிக்கை செய்யவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது, அவர் தன் அக்காவிடம் போனில் பேசிய அன்றைக்கு.

"ராத்திரி வெச்சா காலையில அதுவா உள்ள போயிடுதுக்கா. நூலுக்கும் மனசு இருக்குக்கா. நாம அமைதியா பின்னியிருந்தா அதுவும் அமைதியாயிடும்."

கரண்டியோடு சமையலறை வாசலில் நின்ற டாக்டருக்குக் கரண்டி கனத்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து, உதடு அசைய அசையக் கண்ணி எண்ணிக்கொண்டிருந்த அந்த முகத்தைப் பார்த்தாள். எத்தனையோ வருஷமாக இந்த நேரத்தில் அந்த முகம் போனைப் பார்த்துக் கத்திக்கொண்டிருக்கும். எந்தக் கட்டடத்தில் எது நின்றது, யார் இன்னும் போகவில்லை, ஏன் போகவில்லை. இப்போது கத்துவதில்லை. நூல் முனையை இழுத்தால் கண்ணி எல்லாம் சரசரவென்று பிரிந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். பேசாமல் உள்ளே போய்விட்டாள்.

பிறகு நாத்தனாரே அவளைக் கூப்பிட்டார். "தம்பி அனுப்புன சால்வை வந்துச்சும்மா. என்ன ஒரு சுத்தம். பின்பக்கம் எது, முன்பக்கம் எதுன்னே தெரியல. நீயும் அவன்கிட்ட கொஞ்சம் கத்துக்கயேன்."

"கத்துக்கறேன் அண்ணி."

"பல்லைப் புடுங்கிட்டே இருந்தா போதுமா?"

"போதாது அண்ணி."

அவள் வாயை மூடிக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. சொன்னால் சிரிப்பீர்கள். அவளுக்கு ஒரு ஹேர் பேண்ட் வேண்டும்.

நோயாளியின் வாய்க்குள் குனியும்போதெல்லாம் அவளுடைய முன்னெற்றி முடிக்கற்றை ஒன்று சரிந்து கண்ணில் விழும். இரண்டு கையிலும் உறை, ஒரு கையில் கண்ணாடி, ஒரு கையில் கொக்கி. ஒதுக்க முடியாது. வாயைக் கோணி "ஃபூ" என்று ஊதுவாள். ஏதோ மருந்து ஊதுகிறார் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொள்கிற நோயாளிகள் உண்டு. மாத்திரைக் கட்டில் வருகிற ரப்பர் வளையத்தால் கட்டிப் பார்த்தாள். அது முடியைப் பிடிப்பதைவிடப் பிடுங்கியது. கடையில் ஹேர் பேண்ட் கொட்டிக் கிடக்கிறது, ஒரு நடை போனால் வாங்கிவிடலாம். ஆனால் வீட்டிலேயே ஒரு மனிதர் ஊருக்கெல்லாம் பின்னிக்கொண்டிருக்கும்போது எந்த மனைவி கடைக்குப் போவாள்? கேட்டு வாங்கினால் அது வெறும் ஹேர் பேண்ட். கேட்காமல் கிடைத்தால் அது வேறு ஏதோ ஒன்று.

எனவே காத்திருந்தாள். இயக்குநரின் மனைவிக்குக் கண்ணாடி உறை போனது. தலைமைப் பொறியாளருக்குச் சாவி வளையத்தில் தொங்க ஒரு குட்டி யானை போனது; அதன் நான்கு காலையும் டாக்டர்தான் உடம்போடு சேர்த்துத் தைத்தாள், தும்பிக்கைக்குப் பஞ்சும் அடைத்தாள். காவலாளியின் பிளாஸ்க்குக்குக்கூட ஒரு சட்டை போனது. ஒவ்வொரு முறை புது நிறம் வீட்டுக்குள் வரும்போதும் அவள் கேட்பாள்.

"யாருக்குங்க இது?"

"பாக்கறேன்."

"நல்ல கலரு. என்னோட கோட்டுக்கு எடுப்பா இருக்கும்."

"ஆமா, எடுப்பாத்தான் இருக்கும்," என்பார் அவர். ஒரு நாள் வெளிர் ஊதா நிறத்தில் நீளப் பட்டையாக ஒன்று வளர்ந்தது. டாக்டர் அன்றைக்குக் கிளினிக்கில் பாட்டு முணுமுணுத்தாள். விடியற்காலையில் அதற்கு நூல் முனைகளை உள்ளே கோக்கும்போது, இரண்டு ஓரத்தையும் இணைத்த தையல் நெற்றியில் உறுத்தாதபடி அத்தனை பதமாகத் தைத்தாள். வெள்ளிக்கிழமை அது மனிதவள அதிகாரி அம்மாளின் தலையில் ஏறியது.

கிளினிக்கின் வரவேற்பில் உட்கார்ந்திருக்கும் அம்மாள் இதையெல்லாம் அறிந்தவர். டாக்டரைவிட வயதில் மூத்தவர், வாயிலும் மூத்தவர்.

"வாயைத் தொறந்து கேட்டா என்ன டாக்டர்ம்மா? நாள் முழுக்க ஊரையே வாயைத் தொறங்க, வாயைத் தொறங்கன்னு சொல்றீங்க."

"அவரா தரணும்."

"அவரா தந்தா அதுலயும் வால் தொங்கும். அதையும் நீங்கதான் உள்ள விடணும். உங்க பரிசை நீங்களே முடிச்சு நீங்களே வாங்கிக்கறதுக்குப் பேரு பரிசா?"

டாக்டர் "ஃபூ" என்று ஊதினாள்.

இதற்குள் துணை மேலாளரின் புகழ் நிறுவனத்தின் எல்லா மாடிகளுக்கும் படியேறிப் போய்விட்டது. மற்றவர்கள் பின்னியதெல்லாம் மீசை முளைத்தது போல நூல் தொங்க நிற்க, அவருடையது மட்டும் வழுவழுவென்று இருந்தது. காரணம் கேட்டார்கள். அவர் ஒளிக்கவில்லை. பெரிய மனிதர்கள் ஒளிப்பதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை அவருடைய சிறப்புரை, "முடிவு தானாக வரும்" என்ற தலைப்பில் ஏற்பாடானது. குடும்பத்தோடு வரச் சொன்னார்கள். டாக்டர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

"முனையை நாமளா அடக்கக் கூடாது," என்றார் துணை மேலாளர். "அது அகம்பாவம். ஓய்வுல விடணும். சோபாக் கைப்பிடி மாதிரி மென்மையான இடம். விட்டுட்டு நாம ஒரு நடை போயிட்டு வரணும். அவ்வளவுதான்."

கணக்கர் கையைத் தூக்கினார். "சார், நான் ரொம்ப நாளா டிவி மேல வெச்சிருக்கேன். அப்படியே இருக்கு."

"டிவி மேலயா? அங்க ஏதுங்க ஓய்வு?"

"போடறதே இல்ல சார். தனியாள். வீட்டுல சத்தமே கிடையாது."

"தனிமை வேற, அமைதி வேற."

எல்லோரும் இதைக் குறித்துக்கொண்டார்கள். கணக்கர் இரண்டு முறை குறித்துக்கொண்டார்.

பராமரிப்புப் பிரிவில் வேலை செய்யும் பெண் பொறியாளர் எழுந்தார். "எங்க வீட்டுலயும் அது தானா அடங்கறதில்ல சார். நான்தான் ஊசி எடுத்து உக்காந்து அடக்கறேன்."

மண்டபத்தில் சலசலப்பு. மனிதவள அதிகாரி அம்மாள் தன் வெளிர் ஊதா ஹேர் பேண்டைச் சரிசெய்துகொண்டு கவலையோடு சொன்னார். "அது ஒரு வகையில வன்முறைம்மா. நூலை வற்புறுத்தக் கூடாது."

பெண் பொறியாளர் உட்காரும்போது முன்வரிசையில் இருந்த டாக்டரைப் பார்த்தார். டாக்டர் சுவரில் இருந்த வாசகத்தைப் பார்த்தாள்.

தத்துவம் என்று ஒன்று வந்துவிட்டால் அது நூலோடு நிற்குமா? இயக்குநர் அதை நிறுவனத்தின் அடிப்படைக் கொள்கையாக உயர்த்தினார். பழுதைப் பாதி பார்த்து, மீதியை ஓய்வில் விடுவது என்று முடிவானது. புகார் சொல்ல அழைத்தவர்களுக்கு இனிமையான பதில் கிடைத்தது.

"ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல நிக்குதுங்க."

"தெரியும் சார். ஓய்வுல விட்டிருக்கோம்."

"உள்ள எங்க மாமனார் இருக்காருங்க."

"அவரையும் கொஞ்சம் ஓய்வெடுக்கச் சொல்லுங்க."

பலன் உடனே தெரிந்தது. புகார்கள் குறைந்தன. மக்கள் படியேறத் தொடங்கிவிட்டார்கள் என்பதை அறிக்கையில் "வாடிக்கையாளர்களின் உடல்நலத்தில் முன்னேற்றம்" என்று தனித் தலைப்பில் சேர்த்தார்கள். டாக்டரின் கிளினிக் இருந்த கட்டடத்து லிஃப்டும் அந்த நிறுவனத்தின் பராமரிப்புதான். நோயாளிகள் மூச்சிரைக்க மேலே வந்து நாற்காலியில் சாய்ந்தார்கள். வாயைத் திறக்கச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை, ஏற்கெனவே திறந்திருந்தது.

"உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க டாக்டர்ம்மா," என்றார் வரவேற்பு அம்மாள், முழங்காலைத் தேய்த்தபடி. "ஹேர் பேண்டைக் கூட அப்புறம் கேட்டுக்கலாம்."

நிறுவனத்தின் ஆண்டுவிழா நெருங்கியது. முக்கியமான வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் ஊழியர்கள் பின்னிய பரிசுகள் ஒரு பெரிய கூடை நிறையத் தர ஏற்பாடு. போன் உறைகள், சாவித் தொங்கல்கள், புத்தக அடையாளப் பட்டைகள். அத்தனையிலும் நூல் தொங்கிக்கொண்டிருந்தது. அலுவலகத்தில் அவற்றுக்கென்று தனி அறை ஒதுக்கி, விளக்கை மங்கலாக்கி, வெளியே "ஓய்வு நடைபெறுகிறது, மெல்ல நடக்கவும்" என்று பலகை மாட்டினார்கள். காலையில் பார்த்தால் எதுவும் அடங்கவில்லை. ஒரு போன் உறை பாதி பிரிந்தும் இருந்தது. மெல்ல நடக்காதவர் யார் என்று விசாரணை நடந்தது.

குறை இடத்தில் இல்லை, சோபாவில்தான் சூட்சுமம் என்று யாரோ சொன்னார்கள். துணை மேலாளர் பெருமிதத்தோடு சம்மதித்தார். நான்கு பேர் வந்து சோபாவைத் தூக்கிப் போனார்கள். நிறுவனத்து லிஃப்ட் ஓய்வில் இருந்ததால் படியில் தூக்கினார்கள். வீட்டில் சோபா இல்லாத அந்த வாரத்தில் டாக்டர் நாளிதழைத் தரையில் உட்கார்ந்து படித்தாள். விடியற்காலையில் பால் மட்டும் காய்ந்தது. அலுவலகத்தில் சோபாக் கைப்பிடியில் வைத்த எதுவும் அடங்கவில்லை.

இப்போது நிலைமை கொஞ்சம் சிக்கலானது. துணை மேலாளரை "தலைமை அமைதி ஆலோசகர்" பதவிக்கு உயர்த்துவதாக இருந்தது. தனி அறை, கதவில் பெயர், ஜன்னல் பக்கம் ஒரு நாற்காலி. தத்துவமே ஆட்டம் கண்டால் பதவி என்னாவது? அவர் இரவுச் சாப்பாட்டில் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க?"

"என் மனசு கெட்டுப்போச்சு போலிருக்கும்மா. அதான் நூல் கேக்க மாட்டேங்குது."

டாக்டருக்கு நெஞ்சு குழைந்தது. சொல்லிவிடலாமா என்று வாயெடுத்தாள். அதற்குள் அவரே சொன்னார். "ஞாயித்துக்கிழமை இயக்குநர் குழுவோட இங்கயே வராரு. சோபாவும் திரும்பி வருது. வீட்டு நிலைமையில வெச்சே ஆய்வு பண்ணணுமாம். நீ மட்டும் வழக்கமா இருக்கற மாதிரியே இரு. ஒண்ணும் மாத்திடாத."

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் குழு வந்தது. இயக்குநர், மனிதவள அதிகாரி அம்மாள், கணக்கர். சோபா பழைய இடத்தில் வைக்கப்பட்டது. கணக்கர் ஜன்னலுக்கும் சோபாவுக்கும் உள்ள தூரத்தை அளந்தார். மனிதவள அதிகாரி அம்மாள் கைப்பிடியை முகர்ந்து பார்த்தார். இயக்குநர் அதன் மேல் கையை வைத்துக் கண்ணை மூடி, "ஏதோ இருக்கு," என்றார். அது டாக்டர் குண்டூசிகளை அவசரத்துக்குச் செருகி வைக்கிற இடம். கையை எடுத்து விரலை வாயில் வைத்துக்கொண்டார்.

துணை மேலாளர் அன்றைக்கென்றே பின்னி வைத்திருந்ததைப் பயபக்தியோடு எடுத்துவந்தார். கடுகு மஞ்சள் நிறத்தில் ஒரு ஹேர் பேண்ட். நடுவில் ஒரு முறுக்கு கொடுத்திருந்தார். பின்னல் அத்தனை சீராக இருந்தது. இரண்டு ஓரமும் இன்னும் இணையவில்லை, நான்கு இடத்தில் நூல் தொங்கியது. தன் கோட்டுக்கு இந்த நிறம் எடுப்பாக இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாள். எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள்.

"அழகா இருக்கு," என்றார் இயக்குநர். "யாருக்கு?"

"உங்க பொண்ணுக்குத்தான் சார்."

டாக்டர் நெற்றியில் விழுந்த முடியைக் கையாலேயே ஒதுக்கிக்கொண்டாள்.

ஹேர் பேண்ட் கைப்பிடியில் வைக்கப்பட்டது. எல்லோரும் எதிரே நாற்காலி போட்டு அதையே பார்த்தார்கள். சுவர்க் கடிகாரம் டிக் டிக் என்றது. முனை அசையவில்லை.

"நாம பாக்கறதுனால கூச்சப்படுதோ?" என்று மெல்லக் கேட்டார் மனிதவள அதிகாரி அம்மாள்.

"வழக்கமா இந்த நேரத்துல நான் நடக்கப் போயிடுவேன்," என்றார் துணை மேலாளர்.

இயக்குநர் துள்ளி எழுந்தார். "அதைச் சொல்ல வேண்டாமா? வாங்க, எல்லாரும் நடப்போம்."

அறிவியல் வரலாற்றில் ஒரு சோதனை நடக்கும்போது விஞ்ஞானிகள் அனைவரும் ஆய்வுக்கூடத்தைவிட்டு வெளியே போனது இதுவே முதல் முறையாக இருக்கும். செருப்பு மாட்டிக்கொண்டு நால்வரும் படியிறங்கினார்கள். கணக்கர் மட்டும் வாசலில் ஒரு கணம் நின்று, டாக்டரைப் பார்த்து, அடுப்பில் இருந்த பாலைப் பார்த்து, என்னவோ கணக்குப் போட்டவராகத் தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

வீடு அமைதியானது. டாக்டர் வழக்கம்போல வந்து உட்கார்ந்தாள். மொட்டை ஊசி கைக்கு வந்தது. மஞ்சள் நூலைக் கண்ணருகே கொண்டுவந்து ஊசியில் கோத்தாள். முடித்துவிட்டால் அவருக்குத் தனி அறை. கதவில் பெயர். மீண்டும் அந்தச் சிரிப்பு. நகரத்தில் பாதி லிஃப்ட் ஓய்விலேயே இருக்கும். இந்த மஞ்சள் இன்னொரு தலைக்குப் போகும். அடுத்தது பச்சையோ நீலமோ வரும், "யாருக்குங்க இது" என்று கேட்க வேண்டும்.

முடிக்காவிட்டால்?

பால் பொங்கி வந்தது. எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். திரும்பி வந்து நூலை ஊசியிலிருந்து உருவினாள். ஊசியை டப்பாவில் போட்டு மூடினாள். காபி கலந்து, ஜன்னலோரம் நின்று, சூடாக இருக்கும்போதே குடித்தாள். விடியற்காலைக் காபியைச் சூடாகக் குடித்து எத்தனை நாளாயிற்று என்று யோசித்தாள், ஞாபகம் வரவில்லை.

நால்வரும் வேர்த்து விறுவிறுத்துத் திரும்பினார்கள். செருப்பைக் கழற்றும்போதே கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். ஹேர் பேண்ட் வைத்த இடத்தில் இருந்தது. நான்கு முனையும் தொங்கிய இடத்தில் தொங்கின.

மனிதவள அதிகாரி அம்மாள் பேனாவை எடுத்தார். "வீட்டுச் சூழ்நிலையில இன்னைக்கு ஏதாவது மாற்றம் உண்டா?"

துணை மேலாளர் மனைவி பக்கம் திரும்பினார். குரலில் கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. "நீ ஏதாவது பண்ணினியாம்மா?"

"இல்லங்க. இன்னைக்குத்தான் நான் ஒண்ணும் பண்ணல."

மனிதவள அதிகாரி அம்மாள் அதை அப்படியே எழுதிக்கொண்டார். எழுதி முடித்து, படித்துப் பார்த்து, மறுபடி படித்தார். கை மெல்லத் தன் தலையில் இருந்த வெளிர் ஊதாப் பட்டைக்குப் போய், தையல் எங்கே என்று தடவித் தேடியது. அகப்படவில்லை. கணக்கர் இருமல் வந்ததுபோல வாயைப் பொத்திக்கொண்டார். இயக்குநர் மட்டும் இன்னும் சோபாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

துணை மேலாளருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. ஹேர் பேண்டைப் பார்த்தார். காலிக் காபித் தம்ளரைப் பார்த்தார். குண்டூசி குத்திக் குத்திச் சல்லடையாகிப் போன இஸ்திரித் துணியைப் பார்த்தார். அது எத்தனை நாளாக அங்கே மடிந்து கிடக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை. கண்ணாடி உறை, யானையின் தும்பிக்கை, அக்காவின் சால்வை எல்லாம் அவர் கண்முன் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, திரும்பி நின்று, பின்பக்கத்தைக் காட்டிவிட்டுப் போயின.

"எல்லாத்தையுமா?" என்றார்.

"எல்லாத்தையும்தான்."

"ஏம்மா நீ சொல்லவே இல்ல?"

டாக்டர் அவருடைய கையைப் பிடித்து, டப்பாவைத் திறந்து, மொட்டை ஊசியை அந்த உள்ளங்கையில் வைத்தாள். பிறகு வாசலில் கிடந்த தன் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டே, ஊரையெல்லாம் வாயைத் திறக்கச் சொல்லி வருஷக்கணக்காகச் சம்பாதிக்கிறவள், தன் வாயைத் திறந்தாள்.

"ஏங்க, ரொம்ப நாளா உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். எனக்கு ஒரு ஹேர் பேண்ட் வேணும். எந்தக் கலரா இருந்தாலும் சரி. முனையெல்லாம் நீங்களே உள்ள கோத்து முடிச்சுக் குடுங்க. நீங்க முடிக்கறதுக்குள்ள நான் ஒரு நடை போயிட்டு வந்துடறேன்."